மில்லிமீட்டருக்கு ஒரு வரி

வருஷந்தோறும் மத்திய சர்க்காரின் வரவு செலவுத் திட்டம் வெளியாகும் வேளையில், வருமான வரியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வீட்டுக்குள் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருக்க, தெருமுனைப் பெட்டிக்கடையில் வேறொரு தர்க்கம் நடந்துகொண்டிருக்கும். நேற்று வரை ஒரு விலைக்கு விற்ற சிகரெட்டுக்கு இன்று கடைக்காரர் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். "வரி ஏறிப்போச்சு சார்" என்கிறார். "அட்டையில பழைய விலைதானே போட்டிருக்கு?" என்று வாங்க வந்தவர் கேட்டால், "நாளைக்கு நான் சரக்கு எடுக்கும்போது புது விலைதானே குடுக்கணும்?" என்று பதில் வருகிறது. முழுப் பெட்டியாக வாங்குகிறவர் அட்டையில் அச்சிட்ட விலையைக் காட்டி வாதாடலாம். நம் நாட்டுப் பழக்கப்படி ஒன்றிரண்டாக வாங்கிக்கொண்டு போகிறவருக்கோ அந்த ஆதாரமும் கையில் இல்லை. மீதிச் சில்லறைக்குப் பதிலாக ஒரு மிட்டாயை வாங்கிக்கொண்டு, மந்திரியையும் கடைக்காரரையும் ஒருசேர நொந்துகொண்டு அவர் நடையைக் கட்டுகிறார்.

புகைப்பவர் இந்த வரி அநியாயமாக உயர்ந்துவிட்டது என்கிறார். வைத்தியர்களோ இது போதவே போதாது என்கிறார்கள். சில்லறை விலையில் முக்கால் பங்காவது வரியாக இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரு தரப்பும் வரியின் உயரத்தைப் பற்றியே பேசுகின்றன. வரி விகிதங்களின் பட்டியலைப் பொறுமையாக ஒருமுறை வாசித்துப் பார்ப்பவருக்கு, உபத்திரவம் உயரத்தைக் காட்டிலும் அதிலுள்ள மேடுபள்ளத்தில்தான் பெரும்பாலும் குடிகொண்டிருக்கிறது என்பது விளங்கும். ஒரே செடியின் இலை, வெட்டப்பட்ட நீளத்துக்கும் சுருட்டப்பட்ட உறைக்கும் ஏற்றபடி வெவ்வேறு வரியைச் சுமக்கிறது. வியாபாரியும் எங்கே பள்ளமோ அங்கே சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறான்.

புகையிலையை வெறுத்த அரசர்களும் அதன் வருமானத்தை வெறுத்ததில்லை. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604-ஆம் ஆண்டு புகையிலையை நிந்தித்துத் தாமே ஒரு பிரசுரம் எழுதி வெளியிட்டதோடு நில்லாமல், ராத்தலுக்கு 2 பென்ஸாக இருந்த இறக்குமதிச் சுங்கத்தை 6 ஷில்லிங் 10 பென்ஸாக, அதாவது ஒரே வீச்சில் 41 மடங்காக உயர்த்தினார். சட்டப்படி வரவேண்டிய சரக்கு குறைந்து கள்ளச் சரக்கு பெருகவே, பின்னர் அவரே சுங்கத்தைத் தணித்து, கடைசியில் அந்த வியாபாரத்தை அரச ஏகபோகமாக்கிக்கொண்டார். ஹிந்துஸ்தானத்தில் ஜஹாங்கீர் சக்ரவர்த்தி 1617-இல் புகைபிடித்தலையே தடுத்து உத்தரவிட்டார். அந்த உத்தரவு நிலைக்கவில்லை.

தென்னாட்டில் இந்த விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மலையாளக் கரையில் புகையிலை விற்பனையைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டிருந்தது. புகையிலையோ விளைந்தது கோயமுத்தூர்ச் சீமையில்; அதை மிகுதியாக விரும்பி உபயோகித்தவர்கள் இருந்தது பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால். விளைகிற இடத்து விலைக்கும் கம்பெனிக் கிடங்கு விலைக்கும் இருந்த வித்தியாசம் கணவாய்ப் பாதையைக் கள்ளக் கடத்தலுக்கு ராஜபாட்டையாக்கிவிட்டது. கோயமுத்தூர் ஜில்லாக் கஜானாவைக் கவனித்துவந்த உத்தியோகஸ்தரே புகையிலை வியாபாரத்தில் கைவைத்துப் பெருந்தொகை சம்பாதித்ததாகப் புகார் கிளம்ப, தாமஸ் மன்றோவும், பின்னாளில் உதகமண்டலத்தை நிர்மாணித்த ஜான் சல்லிவனும் அதை விசாரிக்க நியமிக்கப்பட்டார்கள். தெற்கே திருவிதாங்கூர் அரசும் யாழ்ப்பாணப் புகையிலையைத் தருவித்துத் தன் ஏகபோகமாக விற்றுக் கஜானாவை நிரப்பிக்கொண்டிருந்தது.

யுத்த காலத்தில், 1943-இல், பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் புகையிலை மீது கலால் தீர்வை விதித்தது. இந்த முறை வரி இலையின் மீதே விழுந்தது. பயிரிடுகிறவன் தன் நிலத்தையும் விளைச்சலையும் கலால் உத்தியோகஸ்தரிடம் தெரிவிக்கவேண்டும். உலர்த்திப் பதப்படுத்திய இலை அனுமதி பெற்ற கிடங்கில் தங்கவேண்டும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இத்தனை கட்டுக்காவலுக்கு நடுவே விகிதமோ அந்த இலை என்ன காரியத்துக்கு உபயோகப்படப் போகிறது என்பதை ஒட்டி மாறியது. சிகரெட்டுக்கு ஒன்று, பீடிக்கு ஒன்று, மெல்லுவதற்கு ஒன்று எனத் தீர்வை வேறுபட்டால், குறைந்த விகிதத்தில் தீர்வை கட்டிக் கிடங்கை விட்டு வெளியேறிய இலை, வழியில் தன் உத்தேசத்தை மாற்றிக்கொள்வதை எந்த இன்ஸ்பெக்டரால் தடுக்க முடியும்? முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த இந்தக் கூத்துக்குப் பின், 1979-இல் நிதி மந்திரியாக இருந்த சரண் சிங், பதனிடாத புகையிலைக்கு இருந்த கலால் தீர்வையை அறவே நீக்கி, உழவர்களை இன்ஸ்பெக்டர்களிடமிருந்து விடுவித்தார். சிகரெட் முதலிய தயாரித்த பொருள்கள் மட்டும் வரிப் பொறுப்பைச் சுமக்கத் தொடங்கின.

சிகரெட்டுக்கு விலையை ஒட்டி வரி விதித்தால், எது உண்மையான விலை என்ற வழக்கு முளைக்கிறது. தொழிற்சாலை வாசலில் ஒரு விலை, கடையில் ஒரு விலை என்று கணக்கு நழுவுகிறது. அந்த வழக்குகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கக் கருதி 1987-இல் சர்க்கார் நீளத்தை அளக்கத் தொடங்கியது. யாரும் அளவுகோலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதால் இது நல்ல யோசனையாகவே தோன்றியது. இன்று 65, 70, 75 மில்லிமீட்டர் என்னும் எல்லைகள் இந்த வரியின் முதுகெலும்பாக நிற்கின்றன. பில்டரை நீட்டிப் புகையிலைப் பகுதியைக் குறைத்துக் காட்டுவதும், பில்டரைச் சுருக்கி எல்லைக்குள் நுழைவதும் சாத்தியம் என்பதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள், பில்டரின் நீளம் 11 மில்லிமீட்டர் அல்லது அதன் உண்மையான நீளம், இவற்றில் எது அதிகமோ அதுவே கணக்கு என்று சட்டத்தில் எழுதிவைத்தார்கள்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோதும் இந்த அளவுகோல் கைமாறியதே ஒழிய மறையவில்லை. 28 சதவிகித வரியோடு, நஷ்டஈட்டு செஸ் என்ற பெயரில் நீளத்துக்கேற்ற ஒரு தொகையும் சேர்ந்தது. அந்த மாதம் 18-ஆம் தேதி நிர்ணயித்தபடி, ஆயிரம் பில்டர் சிகரெட்டுக்கு, 65 மில்லிமீட்டருக்கு உட்பட்டதானால் 2,076 ரூபாய். 70 வரையில் 2,747. 75 வரையில் 3,668. இவை தவிர, மதிப்பின் மீது 5 சதவிகிதம். அதற்கும் நீண்டவற்றுக்கு 4,170 ரூபாயும் மதிப்பின் மீது 36 சதவிகிதமும். ஐந்து மில்லிமீட்டர் என்பது கடுகு இரண்டு மூன்றை வரிசையாக வைத்தால் நிரம்பிப்போகும் இடம். அந்த இடத்துக்கு ஒரு சிகரெட்டில் அறுபது, எழுபது பைசாவிலிருந்து தொண்ணூறு பைசா வரை வித்தியாசம் என்றால், கோடிக்கணக்கில் உற்பத்தி செய்கிறவர் 66 மில்லிமீட்டரில் ஒரு சிகரெட்டைச் செய்வாரா? 64 மில்லிமீட்டர் சிகரெட் சந்தையில் பெருகியதன் மர்மம் இதுதான். வரி ஏறினால் ஜனங்கள் புகைப்பதை விடுவார்கள் என்று எதிர்பார்த்தால், ஒரு பகுதியினர் விடுகிறார்கள்; மற்றொரு பகுதியினர் குட்டைச் சிகரெட்டுக்கு இறங்கிவிடுகிறார்கள்.

இந்த யுக்தி நம் நாட்டுக்கே உரியதென்று யாரும் வருந்தவேண்டியதில்லை. அமெரிக்காவில் 2009 ஏப்ரல் முதல் தேதி, கையால் சுருட்டிப் புகைப்பதற்கான புகையிலைக்கு இருந்த கூட்டாட்சி வரி ராத்தலுக்கு 1 டாலர் 10 சென்ட் அளவிலிருந்து 24 டாலர் 78 சென்டாக உயர்ந்தது. பைப்பில் இட்டுப் புகைக்கும் புகையிலைக்கோ ஏறத்தாழ 2 டாலர் 83 சென்டே ஆயிற்று. இரண்டுக்கும் இடையே சட்டம் கண்ட வேற்றுமை, பெரும்பாலும் பொட்டலத்தின் மீதுள்ள எழுத்தையும் தோற்றத்தையும் பொறுத்தது. அந்த வருஷம் ஜனவரியில் மாதத்துக்குச் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் ராத்தலாக இருந்த பைப் புகையிலை விற்பனை, 2011 செப்டம்பரில் 30 லட்சம் ராத்தலைத் தாண்டியது என்று அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அலுவலகம் கணக்குக் காட்டிற்று. சின்னச் சுருட்டுக்கு வரி அதிகம், ஆயிரத்துக்கு 3 ராத்தலுக்கு மேல் எடையுள்ள பெரிய சுருட்டுக்குக் கணக்கே வேறு என்று ஆனபோது, சுருட்டுகளும் சிறிதளவு பருத்து எல்லையைத் தாண்டிக்கொண்டன. அமெரிக்கர்கள் அத்தனை பேரும் திடீரென்று பைப் பிடிக்கத் தொடங்கிவிட்டதாக எண்ணினால் அது நம் பேதைமை.

நம் நாட்டில் இந்த மேடுபள்ளங்களில் மிக ஆழமான பள்ளம் பீடி. 2016-17-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 28.6 சதவிகிதம் பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையை உபயோகித்தார்கள். சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவிகிதம். பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவிகிதம், வாயில் அடக்கிக்கொள்பவர்கள் 21.4 சதவிகிதம். நிதி மந்திரி கையை ஓங்கும்போதெல்லாம் அடி விழுவது நூற்றில் நான்கு பேர் உபயோகிக்கும் பொருளின் மீதே. மெல்லும் புகையிலைக்கு விகிதம் கடுமையாக இருப்பினும், ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ப் பொட்டலங்கள் எத்தனை வெளியேறின என்று எண்ணுவது அசாத்தியமாகி, 2010-இல் பொட்டலம் கட்டும் இயந்திரங்களை எண்ணி அவற்றின் மீதே தீர்வை விதிக்கவேண்டியதாயிற்று. அப்போது இயந்திரத்தை இரவும் பகலும் ஓட்டுகிறவனுக்கே லாபம். பீடிக்கோ ஜி.எஸ்.டி.யில் 28 சதவிகிதம் இருந்தது, செஸ் இல்லை. 2025 செப்டம்பரில் அந்த 28-ஐயும் 18 ஆக்குவதென்று ஜி.எஸ்.டி. கவுன்சில் தீர்மானித்தது. 2026 பிப்ரவரி முதல் செஸ் ஒழிந்து, சிகரெட்டுக்கு 40 சதவிகித ஜி.எஸ்.டி.யும், மறுபடியும் நீளத்தைப் பார்த்து விதிக்கும் கலால் தீர்வையும் வந்துள்ளன. பீடிப் புகையில் உள்ள நிகோடினும் தாரும் சிகரெட்டைவிடக் குறைந்தவை அல்ல என்பது வைத்திய சாஸ்திரம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி. ஏழையின் நுரையீரலுக்கு வேறு சாஸ்திரம் இல்லை.

பீடிக்கு ஏன் இந்தச் சலுகை என்று கேட்டால், உடனே சுட்டிக்காட்டப்படுபவர்கள் அதைச் சுற்றும் பெண்கள். தென்காசி, ஆலங்குளம், முக்கூடல் பக்கத்திலும், வடக்கே வேலூர், குடியாத்தம் பக்கத்திலும் வீட்டுத் திண்ணைகளைப் பார்த்துக்கொண்டே போனால் அந்தக் காட்சி தென்படும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிஷாக் காடுகளிலிருந்து வந்த பீடி இலையை நனைத்துப் பதமாக்கி, அளவுக்கு ஒரு தகட்டை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் இருக்கும் முறத்தில் புகையிலைத் தூளை வைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகை பரப்பி, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி முடிப்பதற்குத் தேர்ந்த கைக்குச் சில விநாடிகளே ஆகின்றன. கண் பேத்தியின் மேல் இருந்தாலும் கை தவறுவதில்லை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஒப்படைக்கும் இடத்தில் சரியில்லை என்று தள்ளப்பட்டவற்றுக்கு அதுவும் இல்லை. வருஷக்கணக்காகத் தூளைச் சுவாசித்த நெஞ்சுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

இவர்களுக்காகவே 1976-இல் சட்டங்கள் உண்டாயின. பீடித் தொழிலிலிருந்து ஒரு நல வரி வசூலித்து, அதைத் தனி நிதியாக வைத்து, ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவிப் பணம், வீடு கட்ட மானியம் ஆகியவற்றுக்குச் செலவிடுவது அவற்றின் ஏற்பாடு. முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கென்று ஓர் ஆஸ்பத்திரி எழுந்ததும் இந்த வழியில்தான். கடைசிக் காலத்தில் அந்த நல வரி ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய். ஒரு பீடிக்கு அரைப் பைசா. ஜி.எஸ்.டி. வந்தபோது பல சிறு வரிகளோடு இதுவும் ரத்தாயிற்று. நலத் திட்டங்கள் தொடர்கின்றன என்றாலும், அவற்றுக்கு உரிமையோடு கேட்கத்தக்க சொந்த ஊற்று இப்போது இல்லை. பொது நிதியிலிருந்து ஒதுக்குவதைக் கொண்டு திருப்தி அடையவேண்டியதுதான். பீடியின் பெயரால் கிடைக்கும் வரிச் சலுகையில் சுற்றுகிறவளின் கூலிக்கு எத்தனை காசு போய்ச் சேருகிறது என்று எந்த விகிதப் பட்டியலும் சொல்லவில்லை.

ஆகவே, சிகரெட்டுக்கு நீளத்தை மறந்து ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே தீர்வை விதிப்பதும், அடுத்த சில ஆண்டுகளில் எவ்வளவு ஏறும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவதும், பீடிக்கும் மெல்லும் புகையிலைக்கும் படிப்படியாக வரியைச் சிகரெட்டின் பக்கம் கொண்டுசெல்வதும் நியாயமான மார்க்கமாகத் தோன்றுகிறது. தேதி தெரிந்த உயர்வில், பழைய சரக்கைப் பதுக்கிப் புது விலைக்கு விற்கும் சாமர்த்தியத்துக்கு இடம் குறையும். வாங்குகிறவரும் இன்றே விட்டுவிடலாமா என்று யோசிக்க அவகாசம் பெறுவார். இந்த மூன்றில் கடைசிக் காரியமே கடினமானது. பீடியிலிருந்து வரும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கை, பழைய நல வரியைப்போல் பெயர் சொல்லி, முறத்தை மடியில் வைத்திருப்பவளின் மருந்துக்கும், அவள் மகள் வேறு தொழில் கற்பதற்கும் சட்டபூர்வமாக ஒதுக்கித் தருகிற துணிவு ஒரு மந்திரிக்கு வந்தால், பீடி வரியை உயர்த்துகிறேன் என்று அவர் தென்காசி மேடையிலேயே நின்று சொல்லலாம்.