பின்பாட்டே பஜனை

போதேந்திராளும் ஸ்ரீதர ஐயாவாளும் நிலைநாட்டியது நாம சித்தாந்தம். கலியுகத்தில் இறைநாமம் ஒன்றே போதும் என்ற அந்தக் கொள்கையை, ஊர் கூடிப் பாடும் முறையாக வகுத்துக் கொடுத்தவர் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள். தோடய மங்களம், ஜெயதேவரின் அஷ்டபதி, நாராயண தீர்த்தரின் தரங்கம், பத்ராசல ராமதாசர், புரந்தரதாசர் பாடல்கள் என்று போகும் அந்தப் பத்ததியைத் தென்னாட்டு பாகவதர்கள் இன்றும் கைக்கொள்கிறார்கள். பஜனை என்றதும் நாம் முன்னால் அமர்ந்து பாடும் பாகவதரின் குரலையும் ஞானத்தையும் மெச்சுகிறோம். ஆனால் பஜனையின் உயிர், அவர் விட்ட அடியை வாங்கிப் பாடும் கோஷ்டியிடம்தான் இருக்கிறது என்பேன்.

பாட்டுகளின் அமைப்பே இதற்குச் சாட்சி. சங்கதிமேல் சங்கதியாக வளரும் பெரிய கிருதிகளைச் செய்த தியாகராஜர், திவ்யநாமக் கீர்த்தனைகளில் சரணங்களைப் பெரும்பாலும் ஒரே மெட்டில் அடுக்குகிறார். ஒரு சரணத்தின் மெட்டு பிடிபட்டால் மற்றவற்றை யாரும் தொடர்ந்து பாடிவிடலாம். அத்தனை பெரிய வித்வான் இப்படி இறங்கி வந்தது, கூட்டமும் பாடவேண்டும் என்ற கரிசனத்தால்தான். நாமாவளி இன்னும் எளிது: ஒரே அடி, ஜால்ராவின் தாளம், மெல்ல மெல்ல ஏறும் காலம். திவ்யநாமத்தின்போது நடுவில் குத்துவிளக்கை வைத்து அதைச் சுற்றி ஆடிப் பாடுவார்கள். அந்த வட்டத்தில் மேடையும் இல்லை, முன்வரிசையும் இல்லை.

இன்றைய சபா பஜனைகள் பலவற்றில் இந்த வட்டம் உடைந்துவிட்டது. மேடையில் சிலர் பாடுகிறார்கள். கீழே நூற்றுக்கணக்கானோர் கேட்டுவிட்டுக் கைதட்டுகிறார்கள். ‘நல்ல சங்கீதம் இருப்பதால்தானே கூட்டம் வருகிறது?’ என்பார்கள். வரட்டும். வந்தவர்களை வாய் திறக்க விடாத சங்கீதத்துக்குக் கச்சேரி மேடை இருக்கவே இருக்கிறது. சமஸ்கிருதமும் தெலுங்கும் புரியாதவர்கள் எப்படிப் பாடுவார்கள் என்ற கேள்வியும் உண்டு. 1966இல் நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் இஸ்கானை நிறுவிய பிரபுபாதர் ஹரே கிருஷ்ண மகாமந்திரத்தைப் பாடியபோது, அந்த மொழியே அறியாத இளைஞர்கள் திருப்பிப் பாடினார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் முறையே இங்கே பாடசாலை.

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பஜனை மடங்கள் பெரும்பாலும் அக்ரஹாரத்துக்குள்ளேயே இருந்தன, அந்த வட்டத்தில் எல்லோருக்கும் இடம் இருந்ததா? இருக்கவில்லை. அதை மறைத்துப் பேசுவது நாமத்துக்கே செய்யும் துரோகம். அந்தக் குறை வாசலைக் காத்தவர்களுடையது. பாடும் முறைக்கு அது சொந்தமில்லை. கார்த்திகை மாதத்தில் எந்தத் தெருவிலும் குருசாமி ஒருவர் சரணம் சொல்ல, ஐயப்பனுக்கு மாலை போட்ட அத்தனை பேரும் சாதி பாராமல் பதில் சொல்கிறார்களே, அதுவும் இதே முறைதான்.

உடைந்த வட்டத்தைச் சேர்க்க ஒலிபெருக்கியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய மண்டபத்தில் முதல் அடி கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும். மேடையில் இருக்கும் பின்பாட்டுக்காரர்களுக்கும் மைக் வைப்பதுதான் கேடு. சபையின் பதிலை அவர்களே உரத்துப் பாடிவிட்டால், கீழே இருப்பவருக்கு வேலையில்லை. அந்த மைக்குகளை எடுத்துவிட்டு, சபை அடியை வாங்கும்வரை பாகவதர் காத்திருக்கட்டும். முதல் இரண்டு நாமாவளிகள் தடுமாறும், சுருதிகூட விலகும். அந்தச் சங்கடத்தைப் பொறுக்கும் பாகவதர்களே இப்போது தேவை.