நாட்பட்ட நுரையீரல் நோயும் மருத்துவ ஆய்வுச் சோதனையில் சேரும் முடிவும்

மருத்துவ ஆய்வுச் சோதனை என்பது ஒரு மருந்தோ, கருவியோ, சிகிச்சை முறையோ பலன் தருகிறதா, பாதுகாப்பானதா என்பதை, முன்கூட்டியே எழுதி வைத்த விதிமுறைகளின்படி மனிதர்களிடம் சோதித்து அறியும் ஆய்வு ஆகும். பேச்சு வழக்கில் இதைக் கிளினிக்கல் டிரையல் என்பர். நீண்ட நாள் நுரையீரல் நோயால் துன்பப்படும் ஒருவரிடம் "ஒரு புது மருந்து ஆய்வு நடக்கிறது, சேருகிறீர்களா?" என்று மருத்துவமனையில் கேட்கப்படலாம். அவர் எதையெல்லாம் அறிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இதில் முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு. சிகிச்சையின் நோக்கம் எதிரில் இருக்கும் நோயாளியைக் குணமாக்குவது. ஆய்வின் நோக்கம் ஒரு கேள்விக்கு விடை காண்பது. ஆய்வில் சேர்பவருக்கும் நன்மை கிடைக்கலாம். ஆனால் அது உறுதியன்று. இந்த வேறுபாடு புரியாமல் கையெழுத்திடுவதே பின்னாளில் ஏற்படும் மனக்கசப்புகளுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

நோயும் தொழிலும்

விருதுநகர் மாவட்டம் இராசபாளையம் வட்டாரத்தில் செட்டியார்பட்டி பேரூராட்சி உள்ளது. இராசபாளையம் நூற்பாலைகளுக்கும், அருகிலுள்ள சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நெசவுக்கும், தளவாய்புரம் நைட்டித் தைப்புக்கும் பெயர் பெற்றவை. பஞ்சையும் நூலையும் சார்ந்த தொழில்கள் நிறைந்த இத்தகைய பகுதிகளில் நுரையீரல் நோய்களைப் பற்றிய அறிவு மிகவும் தேவை.

நூற்பாலையில் பஞ்சை உடைத்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலும், அடுத்த கட்டமான கார்டிங்கிலும் தூசி அதிகம். அதைப் பல ஆண்டுகள் சுவாசிப்பவர்களுக்குப் பிசினோசிஸ் என்னும் நோய் வரக்கூடும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவதும் மூச்சு முட்டுவதும் இதன் தொடக்க அடையாளங்கள். சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களுள் இதுவும் ஒன்று.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, இன்னும் பரவலானது. புகைபிடித்தல், விறகடுப்புப் புகை, தொழிற்சாலைத் தூசி, முன்பு வந்து ஆறிய காசநோயின் பாதிப்பு ஆகியவை இதற்கு வழிவகுக்கும். நுரையீரல் திசு தழும்பேறி இறுகிப்போகும் ஐபிஎஃப் என்பது மற்றொரு கடுமையான நோய். இழந்த நுரையீரல் திறனை முழுமையாக மீட்டுத் தரும் மருந்து இவற்றுக்கு இல்லை. அதனால்தான் புதிய மருந்துகளுக்கான ஆய்வுகள் தொடர்ந்து நடக்கின்றன. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் ஒருவருக்குப் "புது மருந்து" என்ற சொல் பெரும் நம்பிக்கையாகத் தோன்றுவதும் அதனால்தான்.

சென்னையில் நடந்த ஆய்வு

நுரையீரல் நோய் ஆய்வுகளின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்துச் சிகிச்சை அளிப்பதே அன்றைய வழக்கம். எல்லாருக்கும் அங்கே படுக்கை கிடைக்கவில்லை. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா என்பதுதான் ஆய்வின் கேள்வி.

நகரின் ஏழை நோயாளிகள் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மறு பிரிவினர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். சானடோரியத்தில் இருந்தோருக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில் குறைவான உணவோடு வாழ்ந்தனர். ஆயினும் இரு பிரிவினரின் பலனும் ஏறத்தாழ ஒத்திருந்தது. வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு மாற வழி வகுத்தது. அந்த மையம் இன்று சென்னை சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

எந்தப் பிரிவு நல்லது என்பது ஆய்வு முடியும் வரை எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

புதியது எல்லாம் நல்லதா?

மூன்று ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன.

ஐபிஎஃப் நோய்க்குப் பல ஆண்டுகளாக மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த பாந்தர் ஆய்வு அக்கூட்டு மருந்தை, மருந்துப் பொருள் எதுவும் இல்லாத வெற்று மாத்திரையுடன் ஒப்பிட்டது. கூட்டு மருந்து உட்கொண்ட பிரிவில் எட்டுப் பேரும், வெற்று மாத்திரை பெற்ற பிரிவில் ஒருவரும் இறந்தனர். அந்தச் சிகிச்சைப் பிரிவு இடையிலேயே நிறுத்தப்பட்டது. முடிவு 2012இல் வெளியானது. அங்கே "எனக்கு மருந்தே கிடைக்கவில்லை" என்று வருந்தியிருக்கக் கூடியவரே நல்ல பிரிவில் இருந்திருக்கிறார்.

2014இல் வெளியான இன்பல்சிஸ் ஆய்வுகளில் நின்டெடானிப் என்ற மருந்து, ஐபிஎஃப் நோயாளிகளின் நுரையீரல் திறன் குறையும் வேகத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அதே மருந்து, உட்கொண்டோரில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கியது. நன்மையும் தொல்லையும் சேர்ந்தே வந்தன.

2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மிதமாகக் குறைந்திருந்த 738 சிஓபிடி நோயாளிகளைக் கொண்டு நடந்தது. நீண்ட நாள் ஆக்சிஜன் கொடுத்ததால் அவர்களின் ஆயுள் கூடவில்லை. மருத்துவமனையில் சேரும் தேவையும் குறையவில்லை. ஆக்சிஜன் அளவு கடுமையாகக் குறைந்தவர்களுக்கு அது பயன்படும் என்பதை முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன. ஒரே சிகிச்சை ஒருவருக்குத் தேவையாகவும் மற்றொருவருக்கு வீண் சுமையாகவும் இருக்கலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆய்வு நடைபெறும் முறை

மருந்து ஆய்வுகள் பொதுவாக நான்கு கட்டங்களாக நடக்கும். முதல் கட்டத்தில் மிகச் சிலரிடம் பாதுகாப்பும் அளவும் பார்க்கப்படும். இரண்டாம் கட்டத்தில் நோயாளிகளிடம் பலன் உண்டா என்று பார்ப்பர். மூன்றாம் கட்டத்தில் பெருந்தொகையான நோயாளிகளிடம் வழக்கமான சிகிச்சையுடனோ வெற்று மருந்துடனோ ஒப்பிடுவர். விற்பனைக்கு வந்த பின் நடக்கும் கண்காணிப்பு நான்காம் கட்டம். கட்டம் முந்தியதாக இருக்கும் அளவுக்கு மருந்தைப் பற்றித் தெரிந்தது குறைவாகவே இருக்கும்.

யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை. கணினிக் குலுக்கல் முடிவு செய்யும். பல ஆய்வுகளில் அது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆயினும் உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பதை வெளிப்படுத்தும் ஏற்பாடு இருக்கும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்து 1948இல் முடிவு வெளியிட்டபோது, ஒப்பீட்டுப் பிரிவில் இருந்த நோயாளிகளுக்குத் தாங்கள் ஆய்வில் இருப்பதே சொல்லப்படவில்லை. இன்று அவ்வாறு செய்ய முடியாது. இந்தியாவில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள், 2019 நடைமுறையில் உள்ளன. அவற்றின் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

• ஆய்வு தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அக்குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களுள் பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும் இடம்பெற வேண்டும்.

• நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதிய தகவல் தாளும், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலும் அவரிடம் தரப்பட வேண்டும்.

• எழுதப் படிக்கத் தெரியாதவர் எனில், ஆய்வைச் சாராத நடுநிலைச் சாட்சி ஒருவர் ஒப்புதல் பெறும்போது உடனிருக்க வேண்டும்.

• காரணம் கூறாமலே எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகலாம். அதனால் அவருக்குரிய வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

• ஆய்வினால் உடல்நலம் பாதிக்கப்பட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தரப்பட வேண்டும். கிடைக்கக்கூடிய வழக்கமான சிகிச்சையை அளிக்காமல் வெற்று மருந்து கொடுத்ததால் நேர்ந்த பாதிப்பும் இதில் அடங்கும்.

இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேடு, அதாவது சிடிஆர்ஐ, 2007இல் தொடங்கப்பட்டது. 2009 சூன் முதல் ஆய்வுகளை இதில் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. பதிவு எண்ணைக் கேட்டுப் பெற்று, அதன் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றி ஆய்வின் விவரங்களைப் பார்க்கலாம். பதிவு எண்ணைத் தர மறுக்கும் ஆய்வில் சேர வேண்டியதில்லை.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. இது எந்தக் கட்ட ஆய்வு? இதுவரை எத்தனை பேர் இம்மருந்தை உட்கொண்டுள்ளனர்? என்னென்ன தொல்லைகள் வந்தன?

2. ஆய்வில் சேராவிட்டால் எனக்கு உள்ள சிகிச்சை எது? நூற்பாலைத் தூசியிலிருந்து விலகுதல், புகையை நிறுத்துதல், இன்ஹேலரைச் சரியாக இழுக்கக் கற்றல், மூச்சுப் பயிற்சி ஆகியவற்றை முழுமையாகச் செய்து பார்த்தாகிவிட்டதா?

3. இப்போது பயன்படுத்தும் இன்ஹேலரையோ மாத்திரையையோ நிறுத்த வேண்டியிருக்குமா? அந்த நாள்களில் இளைப்பு கூடினால் என்ன செய்வது?

4. வெற்று மருந்துப் பிரிவு உண்டா? அப்பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை தொடருமா?

5. எத்தனை முறை வர வேண்டும்? இரத்தப் பரிசோதனை, சிடி ஸ்கேன், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி ஆகியவை எத்தனை முறை?

6. பயணச் செலவும் இழந்த கூலியும் கிடைக்குமா? இடையில் விலகினால் அதுவரை வந்த நாள்களுக்கு உண்டா?

7. இரவில் மூச்சுத்திணறல் வந்தால் யாரை அழைப்பது?

8. மருந்து பலன் தந்தால், ஆய்வு முடிந்த பிறகும் அது எனக்குக் கிடைக்குமா?

ஐந்தாம், ஆறாம், ஏழாம் கேள்விகள் ஊரில் இருப்பவருக்கு மிக முக்கியமானவை. எடுத்துக்காட்டாக, செட்டியார்பட்டியில் வாழும் நூற்பாலைத் தொழிலாளி ஒருவர், மதுரையில் நடக்கும் ஓராண்டு ஆய்வுக்குப் பன்னிரண்டு முறை செல்ல வேண்டும் என வைத்துக்கொள்வோம். இராசபாளையம் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 85 கி.மீ. பயணம் செய்து மாலையில் திரும்ப வேண்டும். பன்னிரண்டு நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியையும் சேர்த்தால் இருபத்து நான்கு நாளாகும். மூச்சிரைப்பு உள்ளவருக்குப் பேருந்துப் பயணமே ஒரு சுமை. நள்ளிரவில் திணறல் வந்தால் அவர் முதலில் போவது இராசபாளையத்து மருத்துவமனைக்குத்தான். அங்குள்ள மருத்துவர் ஆய்வு மருந்தைப் பற்றி அறிய, ஆய்வு அட்டையையும் தொடர்பு எண்ணையும் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். வீட்டில் உள்ள ஒருவருக்காவது அந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

சேர்வதும் மறுப்பதும்

சேருவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. இருக்கும் சிகிச்சைகளை எல்லாம் பார்த்தும் நோய் கூடிக்கொண்டே போகலாம். நெருக்கமான மருத்துவக் கண்காணிப்பு தேவைப்படலாம். தன்னைப் போன்ற பிறருக்குப் பயன்படட்டும் என்ற எண்ணமும் மதிக்கத்தக்கதே. சென்னை ஆய்வில் பங்கேற்ற நோயாளிகளால் உலகமே பயன் பெற்றது.

மறுப்பதற்கும் நல்ல காரணங்கள் உண்டு. நோய் கட்டுக்குள் இருக்கலாம். பயணமும் கூலி இழப்பும் குடும்பத்தால் தாங்க முடியாதவையாக இருக்கலாம். வேறு நோய்களுக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். கேட்ட கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்காததே போதுமான காரணம்தான்.

"டாக்டர் கேட்கிறாரே, எப்படி முடியாது என்பது?" என்ற தயக்கம் நம்மிடையே மிகுதி. நீண்ட நாள் பார்த்து வரும் மருத்துவரே ஆய்வையும் நடத்தும்போது இத்தயக்கம் இன்னும் கூடும். கேட்பது அவர் கடமை; மறுப்பது நோயாளியின் உரிமை. இலவச மருந்து, இலவசப் பரிசோதனை, கைப்பணம் ஆகியவற்றை மட்டும் எண்ணிச் சேர்வதும் சரியன்று. மருந்து வாங்கப் பணமில்லை என்பதே சேரக் காரணம் எனில், அரசு மருத்துவமனையிலும் தொழிலாளர் காப்பீடாகிய இஎஸ்ஐ மருத்துவமனையிலும் கிடைக்கும் சிகிச்சையை முதலில் விசாரிக்க வேண்டும்.

தகவல் தாளை வாங்கிய அன்றே கையெழுத்திட வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து, படிக்கத் தெரிந்த மகனோ மகளோ உரக்கப் படிக்கக் கேட்கலாம். ஆய்வில் தொடர்பில்லாத மற்றொரு மருத்துவரிடம் காட்டலாம். பிறகு ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: இந்த ஆய்வு எதைக் கண்டறிய நடக்கிறது, எனக்கு என்ன நேரலாம், வேண்டாமென்றால் எப்படி விலகுவது ஆகிய மூன்றையும் வீட்டாருக்குத் தன் சொந்தச் சொற்களில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அவர் முடிவெடுக்கத் தயாராகிவிட்டார் எனலாம். முடியவில்லை என்றால் மீண்டும் சென்று கேட்க வேண்டும்.