கொப்புளத்தின் அடியில் ஒரு கல்

குழந்தையைக் குளிப்பாட்டும் தாயின் விரலில் ஒரு நாள், தோலுக்கு அடியில் சிறு கல் போன்ற ஒன்று தட்டுப்படுகிறது. கன்னத்திலோ கழுத்திலோ மேற்கையிலோ இருந்துகொண்டு மாதக்கணக்கில் மெல்ல வளர்கிறது. "புற்றுநோயாயிருக்குமோ?" என்னும் அச்சம் அன்றே வீட்டில் குடிபுகுந்துவிடுகிறது.

அவ்வாறு தோன்றும் கட்டிகளுள் ஒன்று பைலோமேட்ரிகோமா. பெரும்பாலும் தீங்கற்ற இக்கட்டியை 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர்களான மால்ஹெர்பும் ஷெனான்டேயும் விவரித்தனர். தோலின் எண்ணெய்ச் சுரப்பியில் பிறப்பதென அவர்கள் கருதினர். மயிர்க்காலின் அடியில் முடியை ஆக்கும் உயிரணுக்களே இதன் பிறப்பிடம் என்பதை 1961ஆம் ஆண்டில் ஃபோர்பிஸ், ஹெல்விக் என்னும் அமெரிக்க அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். சுண்ணாம்புச் சத்து படிவதால் கட்டி கல்லாய் இறுகுகிறது. தோலை இழுத்துப் பிடித்தால் அதன் மூலைகள் கூடாரம்போல் புடைத்துத் தெரிவதுண்டு.

இதற்கு அரிய வேற்றுருவம் ஒன்றும் உண்டு. கட்டியின்மேல் தோல் தளர்ந்து, நீர் கோத்து, சிவந்த கொப்புளமாக எழும்பும். தோளிலும் மேற்கையிலுமே இது மிகுதி. பூச்சிக்கடியென்றும் சீழ்க்கட்டியென்றும் எண்ணி ஊசியால் குத்துவோரும், பற்றுப் போடுவோரும் உளர். இரண்டும் தகா. கொப்புளத்தின் அடியில் கல் போன்ற கடினம் விரலுக்குத் தென்படுமாயின், மருத்துவரிடம் அதனைச் சொல்லுதல் வேண்டும். நோயறிதலுக்கு அதுவே முதற் குறிப்பு.

ஒலியலைப் படத்தில் சுண்ணாம்புப் படிவு புலப்படும். ஊசியால் உறிஞ்சிச் செய்யும் சோதனையோ சில வேளைகளில் புற்றுநோய் என்றே மயங்க வைக்கும். ஓரத்து இளம் உயிரணுக்கள் மட்டும் ஊசியில் அகப்படுவதே அதற்குக் காரணம். கட்டியை முழுவதும் அகற்றி நுண்ணோக்கியில் நோக்கும்போதுதான் ஐயம் தீரும். உட்கரு மறைந்து, வெறும் நிழலாய் நிற்கும் உயிரணுக்கள் அங்கே காணப்படும். அவையே இக்கட்டியின் முத்திரை.

இது தானாகக் கரைவது அரிது. முழுவதும் அகற்றியபின் மீண்டும் வருவதும் அரிது. மிகச் சிலருக்குப் புற்றாகவும் இருக்கக்கூடுமாதலால், "சிறு கட்டிதானே" என்று ஆய்வுக்கு அனுப்பாமல் விடலாகாது. ஒருவருக்கே பல கட்டிகள் தோன்றினால், தசை நலிவு நோய் ஏதேனும் குடும்பத்தில் உண்டா என மருத்துவர் வினவுவார், மறையாது கூறுக.

மாற்றலாகி ஊர் ஊராய்ச் செல்லும் நம் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு சொல்: ஆய்வுச்சாலையின் அறிக்கையைப் பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். தழும்பைக் கண்டு புதிய ஊரின் மருத்துவர் வினவும்போது, நம் நினைவைவிட அந்த ஒரு தாள் தெளிவாகப் பேசும்.