சுவிஸ் ட்ரிப்: 8 நாள் பாஸா, ஹாஃப் ஃபேர் கார்டா? காசு கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



போன மாசம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் மெசேஜ் பண்ணினார். கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். ரெண்டு பேரும் சம்பளத்துல இருந்து மாசம் 12,000 ரூபாய் ஆர்டி போட்டு, சுவிட்சர்லாந்து போகணும்னு சேர்த்து வச்சிருக்காங்க. "ப்ரோ, டிராவல் ஏஜென்ட் 8 நாள் ரயில் பாஸ் எடுக்கச் சொல்றார். ரெண்டு பேருக்கும் சேர்த்து 92,000 சொச்சம். எடுத்துட்டா அப்புறம் கவலையே இல்லையாம். கட்டிடவா?"

"கட்டாதீங்க. முதல்ல உங்க ப்ளானை நாள் வாரியா எழுதி அனுப்புங்க"ன்னேன்.

அனுப்பினார். அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ரெண்டு பேருக்கும் சேர்த்து 33,000 ரூபாய் மிச்சமாகும்னு தெரிஞ்சுது. அதாவது கிட்டத்தட்ட மூணு மாச ஆர்டி. அதே கணக்கை உங்க ட்ரிப்புக்கு எப்படிப் போடுறதுன்னு இந்தப் பதிவுல பார்ப்போம்.

(கணக்கு எளிமையா இருக்க 1 சுவிஸ் பிராங்க் = 110 ரூபாய்னு வச்சிருக்கேன். டிக்கெட் விலைகளை ரவுண்டு பண்ணியிருக்கேன். சீசனுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் மாறும், அதனால வாங்குற அன்னிக்கு உள்ள விலையைப் போட்டுப் பாருங்க.)

முதல்ல ஒரு பயத்தை விட்டுடுவோம்

நமக்கு ரயில் டிக்கெட்னா உடனே ஞாபகம் வர்றது வெயிட்டிங் லிஸ்ட், தட்கல், காலையில 10 மணிக்குத் தொங்கி நிக்கிற ஐஆர்சிடிசி. சுவிஸ்ல அந்தக் கதை இல்லை. சாதாரண டிக்கெட்டை ரெண்டு மாசம் முன்னாடி வாங்கினாலும், ரயில் ஏறுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வாங்கினாலும் ஒரே விலைதான். குறிப்பிட்ட ரயில்னும் கிடையாது. அந்தத் தேதியில, அந்த வழியில எந்த ரயில்லயும் ஏறிக்கலாம். சீட் ரிசர்வேஷனும் பெரும்பாலும் தேவையில்லை.

எல்லாத்துக்கும் சுவிஸ் ரயில்வேயோட எஸ்பிபி ஆப் ஒண்ணு போதும். (எஸ்பிபின்னதும் பாட்டு ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை!)

அதனால "இப்பவே பாஸ் எடுக்கலைன்னா டிக்கெட் கிடைக்காது"ன்னு யாராவது அவசரப்படுத்தினா, அந்த அவசரம் உங்களுடையது இல்லைன்னு புரிஞ்சுக்கங்க.

உங்க முன்னாடி இருக்குற மூணு வழி

1. சுவிஸ் டிராவல் பாஸ்: 3, 4, 6, 8, 15 நாள்னு தொடர்ச்சியான நாட்களுக்குக் கிடைக்கும். 2025 விலையில செகண்ட் கிளாஸ் 4 நாளுக்கு சுமார் 295 பிராங்க், 6 நாளுக்கு 380, 8 நாளுக்கு 420. ரயில், பஸ், ஏரியில ஓடுற படகு, ஊருக்குள்ள டிராம் எல்லாத்துலயும் ஏறலாம். 500-க்கு மேற்பட்ட மியூசியங்களும் இலவசம்.

2. ஹாஃப் ஃபேர் கார்டு: ஒரு மாசம் செல்லும். 120 பிராங்கா இருந்த கார்டு, நம்ம கணக்குக்கு 150-ன்னே வச்சுக்குவோம். பேர்ல இருக்குற மாதிரியே ரயில், பஸ், படகு, பெரும்பாலான மலை ரயில், கேபிள் கார் எல்லாத்துலயும் பாதி விலை.

3. சேவர் டே பாஸ்: ஒரு நாளுக்கான பாஸ். ஹாஃப் ஃபேர் கார்டு கையில இருந்தா 29 பிராங்க்ல ஆரம்பிக்கும், இல்லைன்னா 52. ஆறு மாசம் முன்னாடியே விற்பனைக்கு வந்துடும், டிக்கெட் விக்க விக்க விலை ஏறும். நீண்ட தூரம் போற ஒரு நாளுக்கு மட்டும் இதைச் சேர்த்துக்கலாம். ஆனா வாங்கினா வாங்கினதுதான், பணம் திரும்ப வராது.

காசு எங்கே போகுது தெரியுமா?

இதுதான் முக்கியமான இடம். "எல்லாமே பாஸ்ல கவர் ஆகும்"னு நினைச்சுத்தான் நிறைய பேர் வாங்குறாங்க. ஊருக்கு ஊர் போறது கவர் ஆகும், உண்மைதான். ஆனா மலை ஹாலிடேல பெரிய செலவு ஊருக்கு ஊர் போறதுல இல்லை, மலை மேல ஏறுறதுலதான் இருக்கு.

3,454 மீட்டர் உயரத்துல இருக்குற யுங்ஃப்ராவ்யோக்கை எடுத்துக்கங்க. சுவிஸ் டிராவல் பாஸ் வெங்கன் அல்லது கிரிண்டல்வால்ட் கிராமம் வரைக்கும்தான் இலவசம். அதுக்கு மேல 25 சதவீதம் மட்டும் தள்ளுபடி. ஹாஃப் ஃபேர் கார்டு வச்சிருந்தா 50 சதவீதம்! 420 பிராங்க் கொடுத்தவரை விட 150 பிராங்க் கொடுத்தவருக்கு, ட்ரிப்லயே விலை அதிகமான டிக்கெட்ல கூடுதல் தள்ளுபடி.

அதுக்காக பாஸுக்கு எந்த மலையுமே இலவசம் இல்லைன்னு சொல்ல வரலை. ரிகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டூஸ் மூணும் பாஸ்ல முழுசா இலவசம். பிலாட்டஸ், டிட்லிஸ், கோர்னர்கிராட் எல்லாம் பாதி விலை.

நண்பரோட ப்ளான்: 7 நாள், ரெண்டே ஊர்

ஒருத்தருக்கான கணக்கு இது. முதல்ல முழு விலை, அப்புறம் ஹாஃப் ஃபேர்ல ஆகுறது, கடைசியா பாஸ் இருந்தும் கையிலிருந்து கொடுக்க வேண்டியது. எல்லாம் பிராங்க்ல.

- நாள் 1, ஸூரிக் ஏர்போர்ட்ல இருந்து லூசர்ன்: 30 | 15 | 0
- நாள் 2, படகுல போய் ரிகி மலை ஏறித் திரும்புறது: 110 | 55 | 0
- நாள் 3, லூசர்ன்ல இருந்து லவுட்டர்புருன்னன்: 40 | 20 | 0
- நாள் 4, யுங்ஃப்ராவ்யோக் போய் வர: 220 | 110 | 155
- நாள் 5, ஷில்தோர்ன் போய் வர: 110 | 55 | 45
- நாள் 6, கிரிண்டல்வால்ட் ஃபர்ஸ்ட் போய் வர: 90 | 45 | 35
- நாள் 7, லவுட்டர்புருன்னன்ல இருந்து ஸூரிக் ஏர்போர்ட்: 90 | 45 | 0

கூட்டிப் பாருங்க.

எதுவுமே வாங்காம முழு விலைக்குப் போனா 690.
ஹாஃப் ஃபேர் கார்டோட போனா 345 + கார்டு 150 = 495.
8 நாள் பாஸோட போனா 235 + பாஸ் 420 = 655.

"7 நாள் ட்ரிப்புக்கு ஏன் 8 நாள் பாஸ்? 6 நாள் பாஸ் எடுத்துட்டு, முதல் நாளுக்கு மட்டும் தனி டிக்கெட் வாங்கலாமே?"ன்னு நீங்க கேட்கலாம். நல்ல கேள்வி. போட்டுப் பார்த்தோம்: 380 + 235 + 30 = 645. அப்பவும் ஹாஃப் ஃபேர்தான் 150 பிராங்க் குறைவு. ரெண்டு பேருக்கு 300 பிராங்க், அதாவது 33,000 ரூபாய். ஏஜென்ட் சொன்ன 8 நாள் பாஸோட ஒப்பிட்டா 35,000-ஐத் தாண்டுது.

கவனிச்சீங்களா? பாஸே எடுக்காம முழு விலைக்குப் போனாலும் 690-தான். 420 பிராங்க் பாஸ் மிச்சம் பண்ணிக் கொடுத்தது வெறும் 35 பிராங்க்.

அப்போ பாஸ் வேஸ்ட்டா? இல்லை!

இன்னொரு ப்ளான் பாருங்க. 4 நாள், தினமும் ஒரு ஊர்.

- நாள் 1, ஸூரிக் ஏர்போர்ட்ல இருந்து லூசர்ன் (30), அன்னிக்கே ரிகி (110)
- நாள் 2, இன்டர்லாக்கன் வழியா மோன்த்ரு: 80
- நாள் 3, மோன்த்ருல இருந்து ஸெர்மாட்: 70
- நாள் 4, ஸெர்மாட்ல இருந்து ஸூரிக்: 125

மொத்தம் 415. ஹாஃப் ஃபேர்ல போனா பாதி விலையும் கார்டும் சேர்த்து சுமார் 358. 4 நாள் பாஸ் 295, அதுக்கு மேல ஒரு பைசா இல்லை. இங்கே பாஸ்தான் ஜெயிக்குது, ஒருத்தருக்கு 60 பிராங்குக்கு மேல. ஏன்னா தினமும் நீண்ட பயணம், ஏறுற ஒரே மலையும் பாஸ்ல இலவசமா இருக்குற மலை.

அதனால பாஸ் நல்லதா, கார்டு நல்லதாங்கிறது கேள்வியே இல்லை. உங்க ப்ளான் எந்த மாதிரி? அதுதான் கேள்வி.

நீங்க செய்ய வேண்டியது

ஒரு பேப்பர்ல ரெண்டு கட்டம் போடுங்க. இடது பக்கம் ஊருக்கு ஊர் போற டிக்கெட்டும், பாஸ்ல இலவசமா வர்ற மலைகளும். வலது பக்கம் பாஸ்ல இலவசம் இல்லாத மலைகள். ஆப்ல முழு விலையைப் பார்த்து எழுதி, ரெண்டு பக்கத்தையும் கூட்டுங்க.

- மொத்தமே 300 பிராங்குக்குக் குறைவுன்னா எதுவும் வாங்க வேண்டாம், அப்பப்போ டிக்கெட் எடுங்க.
- ஒண்ணு ரெண்டு ஊர்ல தங்கி, வலது பக்கம் கனமா இருந்தா ஹாஃப் ஃபேர் கார்டு.
- இடது பக்கம் மட்டுமே பாஸ் விலையை நல்லா தாண்டிப் போச்சுன்னா, பாஸை சீரியஸா யோசிங்க. கடைசியில ரெண்டு மொத்தத்தையும் ஒப்பிட்டு முடிவு பண்ணுங்க.
- ஒரே பள்ளத்தாக்குல நாலஞ்சு நாள் தங்கி தினமும் மலை ஏறப் போறீங்கன்னா யுங்ஃப்ராவ் டிராவல் பாஸ், பெர்னர் ஓபர்லாண்ட் பாஸ் மாதிரி அந்தப் பகுதிக்கான பாஸையும் ஒரு தடவை ஒப்பிடுங்க.

உங்களுக்கு இன்னும் 25 வயசு ஆகலையா? டிராவல் பாஸ்ல இளைஞர்களுக்கு 30 சதவீதம் குறைவு. அந்த விலையை வச்சே கணக்குப் போடுங்க, முடிவு மாறலாம்.

எப்போ வாங்குறது?

விசா கைக்கு வர்ற வரைக்கும், பணம் திரும்ப வராத எந்த டிக்கெட்டையும் தொடாதீங்க. ஹாஃப் ஃபேர் கார்டை கிளம்புறதுக்கு முந்தின நாள் ஆன்லைன்ல வாங்கினாலும் அதே விலைதான்.

மலை டிக்கெட்டை அன்னிக்குக் காலையில வாங்குங்க. இது நானே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. என் முதல் ட்ரிப்ல, கூட்டமா இருக்கும்னு பயந்து ஒரு சிகர டிக்கெட்டை பத்து நாள் முன்னாடியே தேதி போட்டு வாங்கிட்டேன். அன்னிக்கு மேல போனா ஒரே பனிமூட்டம். கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர். கிட்டத்தட்ட ஒரு வார சம்பளத்தைக் கொடுத்து மேகத்தைப் பார்த்துட்டு இறங்கினேன். மறுநாள் வானம் பளிச்னு இருந்துச்சு, ஆனா என்கிட்ட டிக்கெட்டும் இல்லை, இன்னொண்ணு வாங்க மனசும் இல்லை.

எல்லா பெரிய சிகரத்துக்கும் லைவ் கேமரா இருக்கு. காலையில எழுந்ததும் அதைப் பாருங்க. வெயில் அடிக்குதா, டிக்கெட் எடுங்க. இல்லையா, அன்னிக்குக் கீழேயே சுத்திட்டு மலையை மறுநாளுக்கு மாத்துங்க. ஹாஃப் ஃபேர் கார்டோட இன்னொரு வசதி இது: ரூம்லயே இருந்தா செலவே இல்லை. தொடர்ச்சியான பாஸ்ல, மழைக்கு ரூம்ல உட்கார்ந்திருந்தாலும் நாள் ஓடிக்கிட்டே இருக்கும்.

சின்னச் சின்ன ஓட்டைகள்

- ரிசர்வேஷன்: கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் ரெண்டுக்கும் பாஸ் இருந்தாலும் சீட் ரிசர்வேஷனுக்குத் தனியா காசு கட்டணும். அதே தண்டவாளத்துல சாதாரண ரயிலும் ஓடுது. அதே மலை, அதே பாலம், ரிசர்வேஷன் வேண்டாம்.
- கார்டு மார்க்கப்: நிறைய கிரெடிட் கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப், அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. 50,000 ரூபாய்க்கு 2,065 ரூபாய் சும்மா போகும். மார்க்கப் இல்லாத கார்டு இருந்தா அதை எடுத்துட்டுப் போங்க.
- "ரூபாய்ல கட்டுறீங்களா?": மெஷின் இப்படிக் கேட்டா வேண்டாம்னு சொல்லி பிராங்க்லயே கட்டுங்க. ரூபாய்னு அமுக்கினா அவங்க வச்ச ரேட்தான்.
- பாஸ்போர்ட்: பாஸோ கார்டோ உங்க பேர்லதான் இருக்கும். டிக்கெட் பரிசோதகர் கேட்டா காட்டணும்.
- குழந்தைகள்: 6 வயசுக்குக் கீழே இலவசம். 6-ல இருந்து 16 வயசுக்குள்ளன்னா ஃபேமிலி கார்டு கேட்டு வாங்குங்க, அதுவும் இலவசம். அப்பா அம்மா யாராவது கூட வரணும், அவ்வளவுதான்.

நண்பர் கடைசியில ரெண்டு ஹாஃப் ஃபேர் கார்டுதான் எடுக்கப் போறார். மிச்சமாகுற பணத்துல பாராகிளைடிங் பண்ணலாமான்னு வீட்ல பேச்சு நடக்குதாம். அது அவங்க இஷ்டம். சேர்த்த காசு அவங்களுக்குப் பிடிச்சதுக்குப் போகட்டும்!

உங்க ப்ளானை நாள் வாரியா எழுதி மொத்தம் போட்டுட்டு, எது குறைவா வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.