அச்சுக்கு அடங்காத எஃகுத் தகடு

எஃகுத் தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து 90 பாகைக்கு வளைத்தால், அழுத்தும் கருவியான பஞ்ச் மேலே எழுந்ததும் வளைவு சற்று விரிந்துகொள்ளும். இதற்கு ஸ்பிரிங்பேக் என்று பெயர். வளையும்போது தகட்டின் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் அமுங்குகிறது. இந்தத் திரிபின் பெரும்பகுதி நிலைத்துவிடும். மீட்சித் தன்மையுள்ள சிறு பகுதி மட்டும் விசை நீங்கியதும் திரும்பிவிடும்.

அந்தச் சிறு பகுதியின் அளவு, உலோகத்தின் வலிமைக்கும் விறைப்புக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. மென் எஃகானாலும் கார் உடலுக்கான உயர்வலிமை எஃகானாலும் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் ஏறக்குறைய 210 கிகாபாஸ்கல்தான். வலிமையைக் குறிக்கும், நிலையாக நெகிழத் தொடங்கும் தகைவோ 200 மெகாபாஸ்கலிலிருந்து 800க்குப் போகலாம். வலிமை நான்கு மடங்கானால் விரிவும் ஏறத்தாழ நான்கு மடங்காகும். 1 மி.மீ. தகட்டை 10 மி.மீ. ஆரத்தில் 90 பாகை வளைத்தால், எளிய கணக்கின்படி மென் எஃகு இரண்டரைப் பாகை விரியும். 800 மெகாபாஸ்கல் எஃகு பத்துப் பாகை விரியும். தகடு மெலிந்தால் விரிவு இன்னும் கூடும். வலிமையான எஃகை வாங்குவதே தகட்டை மெலிதாக்கத்தான் என்பதால், இரண்டு தொல்லையும் சேர்ந்தே வருகின்றன.

தனி வளைவென்றால் சில பாகை கூடுதலாக வளைத்துச் சரிக்கட்டிவிடலாம். ‘ப’ வடிவப் பாகங்களில் அது போதாது. அச்சின் தோள்மேல் இழுபடும் தகடு முதலில் வளைந்து, பிறகு நிமிர்ந்து பக்கச்சுவராகிறது. விசை நீங்கியதும் அந்தச் சுவரே சுருள்கிறது. தகட்டை உருவாக்குவதைக் கணினியில் கணிப்பது பற்றி 1993இல் ஜப்பானில் நடந்த நூமிஷீட் மாநாடு இத்தகைய ‘ப’ வடிவத்தையே பொதுச் சோதனையாக வைத்தது. வந்து சேர்ந்த கணினிக் கணிப்புகள் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகி நின்றன.

கணினியின் வேகம் இங்கே பெரிய தடையல்ல. பஞ்ச் எழும் கணத்தில் தகட்டின் கனத்துக்குள் எந்த அடுக்கில் எவ்வளவு தகைவு இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தால்தான் விரிவைக் கணிக்க முடியும். தகைவோ உலோகம் கடந்துவந்த பாதையைப் பொறுத்தது. ஒரு திசையில் நிலையாக நீண்ட உலோகம், எதிர்த்திசையில் அமுக்கப்படும்போது முன்னைவிடக் குறைந்த தகைவிலேயே நெகிழ்ந்துவிடும். மியூனிக்கில் பணியாற்றிய யோகான் பௌஷிங்கர் 1880களில் கண்டறிந்த விளைவு இது. மென்மையான ஃபெரைட்டுக்கு நடுவே கடினமான மார்ட்டென்சைட் துகள்கள் பொதிந்த டூயல் ஃபேஸ் எஃகில் இது நன்றாகவே வெளிப்படும். வளைந்து நிமிரும் சுவரில் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் விடை பிசகும். ஆனால் அளப்பது எளிதல்ல: மெல்லிய தகட்டை அமுக்கினால் மடங்கிவிடும், ஆகவே இருபுறமும் பலகைகளால் தாங்கிப் பிடித்தே சோதிக்க வேண்டும்.

பாடநூல் மாறிலியான யங் குணகமும் இங்கே முழு நம்பிக்கைக்குரியதல்ல. நிலையாக உருமாறிய எஃகை விசை நீக்கி அளந்தால் அதன் விறைப்பு பத்து, இருபது விழுக்காடு வரை குறைந்திருக்கும். அந்த அளவுக்கு விரிவும் கூடும். ஜப்பானியரான யோஷிதாவும் உயேமோரியும் 2002இல் வெளியிட்ட பொருள் மாதிரி இந்த இரு விளைவுகளையும் உள்ளடக்கியது. அச்சு வடிவமைப்பில் இன்றும் அது பயன்படுகிறது.

கணிப்பு கிடைத்தபின், தகடு எந்தப் பக்கம் விலகுமோ அதற்கு எதிர்ப்பக்கமாக அச்சின் முகத்தைத் திருத்துகிறார்கள். திருத்திய அச்சை மீண்டும் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பஞ்சின் ஓட்டம் முடியும் தறுவாயில் ஓரங்களை இறுகப் பூட்டிச் சுவரை இழுப்பதும் உண்டு. கனம் முழுவதும் இழுவிசையே நிலவினால் சுருள்வு அடங்கும். இவ்வளவு செய்தும் அடுத்த சுருளாக வரும் எஃகின் வலிமையோ கனமோ சற்று மாறினால் பாகத்தின் அளவும் மாறிவிடும்.

சிக்கலைச் சுற்றிப் போகும் வழியும் ஒன்று உண்டு. போரான் எஃகை 900 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சி, குளிர்ந்த அச்சுக்குள் அழுத்தி, அங்கேயே ஆறவிட்டால் 1500 மெகாபாஸ்கல் வலிமையும் வரும், ஸ்பிரிங்பேக்கும் ஏறத்தாழ இராது. சுவீடனின் பிளான்யா நிறுவனம் 1977இல் காப்புரிமை பெற்ற இந்த முறையை, 1984இல் சாப் 9000 காரின் கதவு விட்டங்களுக்குப் பயன்படுத்தினார்கள். உலை தேவை, பாகம் ஆறும்வரை அச்சு மூடியே இருக்க வேண்டும், கெட்டியான ஓரங்களைப் பெரும்பாலும் லேசரால்தான் வெட்ட வேண்டும். இந்தச் செலவுகளால்தான் குளிர்நிலையிலேயே தகட்டை அழுத்தும் தொழிலும், அதற்கான கணிப்பும் தொடர்கின்றன.