ஒரு பிஸ்கட் குறைந்தால் என்ன?

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கத்தரிக்காய் வாங்குகிறீர்கள். வீட்டுக்கு வந்து நறுக்கினால் நாலு காய் சொத்தை. மறுநாள் போய்ச் சொன்னால் காய்க்கார அம்மாள் என்ன செய்கிறார்? "ஐயையோ, பார்க்காமல் போட்டு விட்டேனே, அம்மா!" என்று நாலு காயை எடுத்துப் பையில் போட்டு, கொசுறாகக் கறிவேப்பிலையும் வைக்கிறார். கோபம் போன இடம் தெரியவில்லை! அடுத்த வாரமும் அவரிடமே போய் நிற்கிறீர்கள்.

அதே நீங்கள் தியாகராய நகரில் பெரிய கடை ஒன்றில் மிக்ஸி வாங்குகிறீர்கள். பத்தாம் நாள் அது மக்கர் செய்கிறது. கடைக்காரர் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார். கம்பெனிக்குப் போன் செய்தால், ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்கிறது ஒரு குரல். பிறகு வெகு நேரம் சங்கீதம். கடைசியில் ஒருவர் வந்து, "சரியாகத்தான் உபயோகித்தீர்களா?" என்கிறார். இருபது வருஷமாகச் சமையல் செய்கிறவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி! அப்போது வருகிறதே கோபம், அது மிக்ஸிக்காக வந்த கோபமா, சொல்லுங்கள்?

பண்டத்தில் பழுது வருவது சகஜம். அதை மன்னித்து விடுகிறோம். கேட்டதற்குப் பதில் இல்லை, கேட்டவர் மீதே பழி என்றால்தான் மனம் கசந்து போகிறது.

இதற்கு நம் சென்னையிலேயே ஒரு வழக்கு சாட்சி. 2021 டிசம்பரில் வடசென்னை மணலியில் ஒருவர், தெருவில் திரியும் பிராணிகளுக்குப் போடுவதற்காக ஐ.டி.சி. கம்பெனியின் மாரி பிஸ்கட் பொட்டலங்கள் வாங்கினார். உறையில் 16 என்று அச்சாகியிருந்தது. ஒரு பொட்டலத்தில் எண்ணினால் 15. போனது முக்கால் ரூபாய்தான்! கடையில் கேட்டார், கம்பெனியைக் கேட்டார். சரியான பதில் வரவில்லை. விஷயம் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிற்று. எண்ணிக்கை முக்கியமில்லை, எடைக்கே விற்கிறோம் என்று கம்பெனி வாதாடியது. எடையோ, 76 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 74! 2023-ல் ஆணையம் ஒரு லட்ச ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது.

அதிருப்தி அடைந்தவருக்கு இரண்டே வழி என்று 1970-ல் எழுதினார் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார நிபுணர்: சத்தமில்லாமல் விலகிப் போவது, அல்லது வாய் திறந்து சொல்வது. யோசித்துப் பார்த்தால், குறை சொல்ல வருகிறவர் இன்னும் உறவை முறித்துக் கொள்ளவில்லை. அவரைத்தான் கம்பெனிகள் விரோதியாக நினைக்கின்றன!

ஆகவே, சகோதரிகளே, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். புகாரைத் தேதியிட்டு எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால், 2019-ஆம் வருஷச் சட்டப்படி உங்கள் சொந்த மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

ஆனால் இத்தனையும் எதற்கு? ஒரு கொத்துக் கறிவேப்பிலையில் தீர்ந்திருக்கக் கூடிய சண்டை!