படம் ஒன்று, பதற்றம் வேறு

உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸும் சக ஆய்வாளர்களும் 1964-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களுக்கு நடக்கும் அறுவைச் சடங்கின் படத்தைப் பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். காட்சி ஒன்றே, பின்னணிக் குரல்தான் வேறு வேறு. ஒரு குரல் வலியையும் ஆபத்தையும் அழுத்திச் சொன்னது. இன்னொன்று, 'வலி பெரிதில்லை, இது மகிழ்ச்சியான சடங்கு' என்றது. மூன்றாவது, மானுடவியலாளர் போலப் பற்றில்லாமல் விவரித்தது.

பார்த்தவர்களின் தோலில் மின்கடத்துதிறன் அளக்கப்பட்டது. உடல் பதறினால் வியர்வைச் சுரப்பிகள் தூண்டப்பட்டு அந்த அளவு ஏறும். வலியைப் பெரிதாக்கிய குரலைக் கேட்டவர்களுக்கு அது கூடுதலாக ஏறியது. மற்ற இரண்டு குரல்களும் பதற்றத்தைத் தணித்தன. நடப்பதை மனம் எப்படி எடைபோடுகிறதோ அதைப் பொறுத்தே மன அழுத்தம் அமைகிறது என்ற லாசரஸின் கோட்பாட்டுக்கு இத்தகைய சோதனைகளே அடித்தளம்.